முள்ளியவளையில் ஒரு வரவுக் கொப்பி

படலைக்கு மேலே தொங்கும் பலகையில் "எழுத்தாளர் தங்குமிடம்: படுக்கையும் காலைச் சாப்பாடும்" என்று நீல எழுத்தில் எழுதியிருக்கிறது. அதை எழுதி மாட்டியவன் கொழும்பில் வேலை பார்க்கும் பேரன். வெளிநாடுகளில் குடும்பங்கள் தங்கள் பழைய வீடுகளில் அறையொன்றை வாடகைக்குக் கொடுத்துக் காலையில் மட்டும் சாப்பாடு போடுவார்கள் என்றும், சில வீடுகள் எழுதுகிறவர்களுக்கென்றே பேர் எடுத்திருக்கின்றன என்றும் அவன் விளங்கப்படுத்தியபோது, ஆச்சி இரண்டே இரண்டு கேள்வி கேட்டாராம். "காலைச் சாப்பாடு மட்டும் குடுத்துப்போட்டு மத்தியானம் ஆளைப் பட்டினி போடுறதோ?" என்பது ஒன்று. "எழுதாத ஆள் வந்தால் படலையைச் சாத்துறதோ?" என்பது மற்றது. பேரனிடம் இரண்டுக்கும் பதில் இருக்கவில்லை. பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது. மத்தியானச் சோறும் இரவுச் சாப்பாடும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. நான் போயிருந்த கிழமையில் பக்கத்து அறையில் தங்கியிருந்தவர் உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் விற்கிற ஒரு முகவர்.

நான் வவுனியாவில் தமிழ் படிப்பிக்கிறவள். வன்னிக் குளங்களின் பெயர்களைப் பற்றி ஆறு வருடமாக எழுதி, முடிக்கவும் முடியாமல் கைவிடவும் மனமில்லாமல் வைத்திருந்த கட்டுரைக் கட்டொன்றோடு, போன ஆவணி விடுமுறையில் அந்த வீட்டில் ஐந்து இரவு தங்கினேன். சொந்த ஊரிலிருந்து இரண்டரை மணித்தியால பஸ் தூரத்தில் காசு கொடுத்துத் தங்கி எழுதுவது என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத கூத்து. "வீட்டில் மேசை இல்லையோ?" என்று மாமியார் கேட்டார். மேசை இருக்கிறது, அந்த மேசையில் விடைத்தாள்களும் மின்சாரப் பட்டியலும் மகனுடைய கிரிக்கெட் கையுறையும் இருக்கின்றன.

யாழ்ப்பாண வீதியில் வடக்கே ஓடிப் புளியங்குளத்தில் வலப்பக்கம் திரும்பும் பஸ், நெடுங்கேணியைத் தாண்டி ஒட்டுசுட்டானுக்கு வருகிறது. குரக்கன் அறுத்த தாளடியை, அதாவது ஒட்டை, விவசாயி ஒருவர் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்ற தான்தோன்றீஸ்வரர் கோயில் கதைதான் அந்த ஊரின் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். இந்தப் பாதையில் பெயர்ப்பலகை வாசித்துக்கொண்டு போனால் நித்திரை வராது. குளம், மடு, மோட்டை, முறிப்பு, கேணி, ஊற்று என்று ஏதோவொரு வகையில் தண்ணீர் ஒட்டாத ஊர்ப்பெயர் இந்தப் பக்கத்தில் குறைவு. முள்ளியவளைக்கு முன்னேயும் பின்னேயும் கணுக்கேணியும் தண்ணீரூற்றும் இருக்கின்றன. பெயர்களைப் பற்றிய கட்டுரை எழுதுகிறவளுக்கு இது வசதியா இடைஞ்சலா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு அடிக்குறிப்பு கூடிவிடுகிறது.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் "பழைமையான வீடு" என்று பேரன் இணையத்தில் போட்டிருக்கும் சொல்லை நம்பி வருகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். படலையைத் திறந்தால் தெரிவது வீட்டுத்திட்டத்தில் கட்டிய, ஊரில் நூறு வீடுகளைப் போன்ற, தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் கொண்ட ஒரு வீடு. அதோடு ஒட்டி இரண்டு அறைகளைப் பின்னர் இழுத்திருக்கிறார்கள். பழையதென்று சொல்லக்கூடியவை மூன்றுதான். கிணறு ஒன்று. கிணற்றடி வேம்பு ஒன்று. மூன்றாவது, புதிய வாசலுக்கு முன்னே நிலத்தோடு நிலமாகக் கிடக்கும் கருங்கற்படி. அதன் ஓரத்தில் 1934 என்று வெட்டியிருக்கிறது. நான்கின் கால் தேய்ந்து, வெயில் சரிவாக விழும் காலை நேரத்தில் மட்டும் முழுதாகத் தெரியும்.

அந்தப் படிக்குரிய வீட்டைக் கட்டியவர் ஆச்சியின் மாமனார். அவர் விதானையார், அதாவது அரசாங்கம் நியமித்த ஊர்த் தலைமைக்காரர். விதானையார் வீடென்றால் அந்தக் காலத்தில் பாதி வீடு, பாதி கந்தோர். வீட்டுக்கு வெளியே தனியாக நின்ற தலைவாசலில் நிலஅளவையாளர்கள், குடிசன மதிப்புக்கு வருகிறவர்கள், குளக்கட்டுப் பார்க்க வருகிறவர்கள், வழக்குக்காரர், பெட்டிசம் எழுதுகிறவர் எல்லாரும் தங்கியிருக்கிறார்கள். பெரிய துரைமாருக்கு வீதியோரத்தில் வாடிவீடுகள் இருந்தன. வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் கையேடு வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் போன்றவர்கள் அந்த வரிசை. 1905 தை மாதம், வடக்குப் புகையிரதப் பாதை இன்னும் முழுமையடையாதிருந்தபோது, லெனாட் வூல்ஃப் என்ற இளம் அதிகாரி அனுராதபுரத்துக்கு அப்பால் மாட்டுவண்டியில் இந்தக் காட்டைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வேலை ஏற்கப் போனார். இலங்கைக்கு வரும்போது வால்டேரின் 90 தொகுதிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர் அவர். (என்னுடைய ஒரு பையைத் தூக்கவே பஸ் நடத்துநர் முகம் சுளித்தார்.) ஆனால் வாடிவீடு எட்டாத உள்ளூர்களுக்குக் கொப்பியும் சங்கிலியும் கொண்டு நடந்துவந்த சின்ன உத்தியோகத்தர்களுக்கு விதானையாரின் தலைவாசல்தான் கதி. வந்தவர் பெயர், வந்த திகதி, வந்த காரணம், போன திகதி என்று நான்கு நிரல் போட்ட தடித்த பேரேடு ஒன்றை விதானையார் வைத்திருந்தார். அது அரசாங்க வேலை. விதானை முறை 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் முறை வந்தது. ஆச்சி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அதற்கு முதல் வருடம். பதவி போனபிறகும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், பேரேடும் நிற்கவில்லை. மாமனாருக்குக் கண் மங்கியதும் எழுதும் வேலை ஆச்சியின் கைக்கு வந்தது. நான்கு நிரல் போதாதென்று ஐந்தாவதாக ஒன்றை அவர் கோடிட்டார். அதில் சாப்பாடு.

எழுதுகிறவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் எப்போது வரத் தொடங்கினார்கள் என்று கேட்டேன். ஆச்சி யோசிக்கவே இல்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார்தான் முதல். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் எழுந்தருளியிருக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கோவலன் கூத்துப் பரம்பரையாக ஆடப்பட்டு வருகிறது. மதுரையை எரித்த கண்ணகி ஆறாத கோபத்தோடு நடந்துவந்து பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் "பத்தாப்பளை", அதுவே வற்றாப்பளை என்று ஊர்வழக்கு. கூத்துப் பழக்குகிற காலத்தில், பழைய ஏட்டைப் பார்த்து ஒவ்வொரு நடிகருக்கும் உரிய பாட்டைத் தனித்தனிக் கொப்பியில் பெயர்த்துக் கொடுக்கவேண்டும். அந்த வேலையைச் செய்ய அண்ணாவியார் மாதக்கணக்கில் தலைவாசலில் தங்குவாராம். பகலெல்லாம் எழுத்து, இரவெல்லாம் பழக்கம். ஒரு எழுத்தாளர் விடுதி என்ன செய்யவேண்டுமோ அதை எல்லாம் அந்தத் தலைவாசல் அப்போதே செய்தது: விளக்கு எரிந்தது, வெற்றிலை இருந்தது, எழுதியதைக் கேட்க ஆள் இருந்தது.

பிறகு ஆசிரியர்கள். வித்தியானந்தாக் கல்லூரிக்குப் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் சிலர் மாதச் சாப்பாட்டுக் கணக்கில் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவார். தபாற்காரன் திரும்பக் கொண்டுவரும் உறையின் பருமனை வைத்தே கதை திரும்பிவிட்டதா பணம் வந்திருக்கிறதா என்று ஆச்சிக்குத் தெரியுமாம்.

அதற்குப் பின்னான வருடங்களை ஆச்சி வேகமாகக் கடந்தார், நானும் அப்படியே கடக்கிறேன். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயும் பற்றரியும் சீமெந்தும் இல்லை. குப்பிவிளக்கில் எழுதுகிறவர்கள் எழுதினார்கள். 1995 ஐப்பசி கடைசியில் யாழ்ப்பாணம் பெயர்ந்தபோது வன்னிக்கு வந்த சனத்தில் 23 பேர் அந்த வளவில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். 2002இல் பாதை திறந்ததும் கமராவும் குறிப்புப் புத்தகமுமாக இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். கொழும்பிலிருந்து வந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள், கனடாவிலிருந்து வந்தார்கள். 2004 மார்கழி 26இல் கடல் முல்லைத்தீவைக் கொண்டுபோனபிறகு வந்தவர்கள் அதிகம் கதைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 2008 மார்கழியில் வீட்டுக்காரரே வெளிக்கிட்டார்கள். ஓடுகளைக் கழற்றி, முதிரை மரத்தில் செய்த வாசல் நிலையைப் பெயர்த்து, பேரேட்டைத் தகரப்பெட்டியில் போட்டு, உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் போனார்கள். ஓடு முதலில் போயிற்று. நிலை தேவிபுரத்தில் நின்றுவிட்டது. 2010இல் திரும்பி வந்தபோது கிணறும் வேம்பும் படியும் இருந்தன, பின்சுவரில் பாதி இருந்தது, அதன் அடியில் கூரைவளையொன்று ஒருபக்கம் எரிந்தபடி கிடந்தது.

அந்த வளையைத்தான் அறுத்து எழுதுமேசை செய்திருக்கிறார்கள். எனக்குத் தந்த அறையில் அதுதான் கிடந்தது. மேற்பக்கம் சீவி இழைத்து வார்னிஷ் அடித்திருப்பதால் பார்வைக்குச் சாதாரண மேசை. சிந்தனை ஓடாமல் நின்ற இரண்டாம் நாள் காலையில், மேசையின் கீழ்விளிம்பை விரலால் வருடிக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் மரம் திடீரெனச் செதில் செதிலாக, முதலைத்தோல் மாதிரி, கைக்குத் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குக் கரி. தச்சர் அதைச் சீவாமல் விட்டிருக்கிறார். ஏனென்று அக்காவிடம் கேட்டேன். அக்கா ஆச்சியின் மருமகள். அறை, சமையல், தொலைபேசி, கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. "அதையும் சீவினால் மேசை மெல்லிசாப் போயிடும் எண்டவர்" என்று சொல்லிவிட்டு, தேங்காய் திருவப் போய்விட்டார். நான் வேறொரு பதிலை எதிர்பார்த்திருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எழுதுகிறவர்களுக்கு எதிலும் ஒரு பெரிய காரணம் தேவைப்படுகிறது.

விரல் நுனியில் ஒட்டிய கரி கையெழுத்துப் பிரதியின் பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது.

அங்கே அமைதி கிடைக்கும் என்று நினைத்து யாரும் போகவேண்டாம். விடிய நாலரைக்கு மயில்கள் தொடங்கும். ஐந்துக்குக் கோயில் ஒலிபெருக்கி. ஆறுக்குப் பால் எடுக்க வருகிறவனின் மோட்டார் சைக்கிள். பகலில் பக்கத்து வளவில் தகரம் வெட்டுகிற சத்தம். இரவில் தூரத்து வயல்வெளியிலிருந்து யானை கலைக்கிற வெடி கேட்கும். முதல் இரவு அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து கட்டிலடியில் குந்திவிட்டேன், உடம்பு பழைய பாடத்தை மறப்பதில்லை. காலையில் அதைச் சொன்னபோது ஆச்சி சிரிக்கவில்லை. "எனக்கும் அப்பிடித்தான். பிறகு யானை எண்டு சொல்லி என்னை நானே படுக்கப் பண்ணுறது" என்றார். மின்விசிறி உண்டு, குளிரூட்டி இல்லை, நுளம்புவலை கட்டாயம் வேண்டும். மின்சாரம் நின்றால் அறை அடுப்பாகிவிடும். அப்போது எல்லாரும் வேம்படிக்கு வந்துவிடுவார்கள், உதிரிப்பாக முகவர் உட்பட.

ஆனால் காலைச் சாப்பாடு என்று பலகையில் எழுதியிருப்பது உண்மையில் ஒரு சம்பவம். குரக்கன் மாவை வறுத்து, இளஞ்சூட்டு உப்புத்தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குழைத்து, சுண்டின் விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூக் கலந்து, பனையோலை நீத்துப்பெட்டியில் போட்டு அவிக்கிறார்கள். தண்ணீர் ஒரு சிரங்கை கூடினாலும் பிட்டு களியாகும், குறைந்தால் தொண்டையில் நிற்கும். அக்கா தண்ணீரை அளப்பதில்லை. கையில் ஒரு பிடி மாவைப் பொத்தி, விரலை விரித்து, அது உடையாமல் நின்று பெருவிரல் பட்டதும் உதிர்ந்தால் சரி என்பார். ஆவி வரத்தொடங்கியதும் ஓலைவாசமும் குரக்கன் வாசமும் சேர்ந்து அறைக்குள் வரும். அதற்குமேல் எந்த வசனத்தையும் முடிக்கமுடியாது. கூட வருவது முதல்நாள் இரவு வைத்த விரால்மீன் குழம்பு, செத்தல்மிளகாய்ச் சம்பல், முட்டியோடு எருமைத்தயிர். சாப்பிடும்போது யாரும் "என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்கமாட்டார்கள். ஐந்து நாளில் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. முதல்நாள் அது நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

கட்டுரை நகரவில்லை. குளப்பெயர்களை அகரவரிசையில் வைப்பதா, ஆற்று வடிநிலங்களின்படி வைப்பதா, மரம், மனிதர், தெய்வம் என்று பெயரின் வகைப்படி வைப்பதா என்ற பழைய பிணக்கு அங்கேயும் என்னோடு வந்திருந்தது. மருதங்குளமும் விளாங்குளமும் மரவகை. கனகராயன்குளமும் முத்தையன்கட்டும் மனிதவகை. வவுனிக்குளத்தை எங்கே வைப்பது? ஒரு வகையும் ஒழுங்காக மூடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் கணினியை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஆச்சி வேம்பின் கீழே கதிரையில் இருந்தபடி, மடியில் விரித்திருந்த ஒரு கொப்பியில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மிக மெதுவாக எழுதிக்கொண்டிருந்தார். மாட்டுத்தாள் உறை போட்ட தடித்த சீஆர் கொப்பி.

பேரேடு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அக்கா தானாகவே சொன்னார், இரவு பாத்திரம் கழுவும்போது, என் பக்கம் திரும்பாமல். வலைஞர்மடத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களில் கிடைத்ததெல்லாம் பச்சை விறகு. மழை வேறு. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு மூளவில்லை. விதானையாரின் பேரேட்டுத் தாள் பழைய காலத்துத் தடித்த தாள், நன்றாகப் பற்றியது. ஒரு நாளைக்கு நான்கு தாள், ஐந்து தாள். "மாமிக்குத் தெரியாமல் எண்டு நினைச்சுத்தான் கிழிச்சனான். கடைசி மட்டையைக் கிழிக்கேக்கை அவதான் நெருப்புக்குச் சரிக்கட்டிப் பிடிச்சவ." அதன்பிறகு அதைப்பற்றி இருவரும் கதைத்ததில்லையாம். 2009 சித்திரையில் வெளியே வந்து செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது, பேரனுக்குப் படிக்கக் கொடுத்த அப்பியாசக் கொப்பியொன்றை ஆச்சி கேட்டு வாங்கி, முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறார். அப்பியாசக் கொப்பிகள் நிறைந்து இப்போது சீஆர் கொப்பிக்கு வந்திருக்கிறது.

மறுநாள் ஆச்சி அதை எனக்கு வாசிக்கத் தந்தார். நான் கேட்டதால் தரவில்லை. அவருக்குக் கண் கூசியது, எழுத்து ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

நான்கு நிரலும் இல்லை. பெயர்களில் அநேகம் மறந்துபோயின, திகதிகள் சுத்தமாக மறந்துவிட்டன. மிஞ்சியது அவர் தானாகச் சேர்த்த ஐந்தாவது நிரல் மட்டும்தான். யார் என்ன சாப்பிட்டார் என்பதைப் பிடித்துக்கொண்டு ஆளை இழுத்து வந்திருக்கிறார். எழுத்துப்பிழையோடும் பேச்சுத்தமிழிலும் இருந்ததை அவருடைய அனுமதியோடு சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"சேவையர் ஐயா. மரக்கறி. வெள்ளிக்கிழமையில மட்டும் மீன் கேப்பார். ஏனெண்டு கேக்கேல்லை."

"அண்ணாவியார். சாமம் ஒரு மணிக்குப் பால்த்தேத்தண்ணி. பாட்டு வராட்டி வெத்திலை. வெத்திலையும் முடிஞ்சால் பேச்சு."

"கதை எழுதுற மாஸ்டர். ஒடியல்கூழ் மூண்டு சிரட்டை. வாசிச்சுக் காட்டுவார். எனக்கு நித்திரை வரும், தலையை ஆட்டுவன்."

"இடம்பெயர்ந்த ஆக்கள் 23. கஞ்சி. ஒரு பிள்ளை கஞ்சியிலை சீனி கேட்டது. சீனி இல்லை."

"கமராக்காரப் பெடியள் ரெண்டு. உறைப்பெண்டு அழுதவை. மூண்டாம் நாள் கேட்டுத் திண்டவை."

இப்படியே இருநூறுக்கு மேலே பதிவுகள். படித்துக்கொண்டு போகும்போது ஒரு பக்கத்தில் தடுக்கியது. "தேவிபுரம். சோறும் பருப்பும். வீட்டுக்காரி சிவத்தச் சட்டை, இடக்கை ஏலாது." இது யார், விருந்தாளி மாதிரித் தெரியவில்லையே என்று இரண்டுதரம் வாசித்தபிறகுதான் விளங்கியது. இங்கே வந்தவர் யாருமில்லை, வந்தவர் ஆச்சிதான். வெளிக்கிட்ட நாள் தொடக்கம் தங்களுக்கு இடம் தந்தவர்களையும் அவர்கள் தந்த சாப்பாட்டையும் அதே கொப்பியில், அதே ஒழுங்கில், இடைவெளி விடாமல் தொடர்ந்து எழுதியிருக்கிறார். "இரணைப்பாலை. பள்ளிக்கூட வாங்கு. ஒரு கிழவன் பாண் கால்றாத்தல் தந்தவர்." "வலைஞர்மடம். தறப்பாள். வீட்டுக்காரர் இல்லை. கஞ்சி, கொப்பித்தாள் நெருப்பு." அந்தக் கடைசிச் சொற்களில் பேனை தயங்கியதாகத் தெரியவில்லை. எழுத்து மற்ற வரிகளின் பருமனிலேயே இருந்தது.

நான் பலமுறை மேற்கோள் காட்டிப் பேசியிருக்கும் ஒரு இடம் பரிஸில் உண்டு. நோத்ரதாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் 1951இல் ஜோர்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர் திறந்த புத்தகக்கடை. ஷேக்ஸ்பியர் அன்ட் கொம்பனி என்ற பெயர் அதற்குப் பிற்பாடு வந்தது. எழுத வருகிறவர்கள் புத்தக அலுமாரிகளுக்கு நடுவே காசில்லாமல் படுத்துக்கொள்ளலாம். கைம்மாறாக நாளுக்கு ஒரு புத்தகம் வாசிக்கவேண்டும், கடையில் கொஞ்சநேரம் ஒத்தாசை செய்யவேண்டும், தன் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அப்படிச் சேர்ந்த பக்கங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. அந்த ஒரு பக்கத்தை நான் எப்படி எழுதியிருப்பேன் என்று பஸ்ஸிலும் பாடசாலைக் கூட்டங்களிலும் மனதுக்குள் எழுதிப் பார்த்தவள் நான். வேம்படியில் அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது, நான் எழுதும் பக்கத்தைவிட என்னைப்பற்றி இந்த அம்மாள் எழுதப்போகும் ஒரு வரியை வாசிப்பதற்குத்தான் எனக்கு அவசரமாக இருந்தது.

கேட்டேன். "என்னைப் பற்றி என்ன ஆச்சி எழுதுவியள்?"

"ஆள் போனபிறகுதான் எழுதுறது."

"அனுப்பிவிடச் சொல்லுறன், படம் எடுத்து."

"அது சரிவராது பிள்ளை. ரெண்டாந்தரம் வாற ஆளுக்குத்தான் காட்டுறது." கொஞ்சம் பொறுத்து, "வாறதுக்கு ஒரு சாட்டு வேணுமெல்லோ" என்றார்.

வெளிக்கிட்ட நாள் காலை அக்கா தந்த கணக்குத்துண்டில் அறை ஐந்து இரவு, காலைச் சாப்பாடு ஐந்து என்று இரண்டே வரி. மத்தியானமும் இரவும் சாப்பிட்டதற்குக் காசு எடுக்கச் சொல்லி நான் நின்ற நிலையைப் பார்த்து, உதிரிப்பாக முகவர், தானும் மூன்று வருடமாகச் சண்டை பிடித்துத் தோற்றவர் என்று சொல்லிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். இப்படி நடத்தினால் இந்த வீடு தொழிலாக எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பேரனுக்கும் அதே சந்தேகம் என்று அக்கா சொன்னார். நெல் இருக்கிறது, இரண்டு எருமை இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்புகிறாள்; விடுதி வருமானம் மின்சாரத்துக்கும் சவர்க்காரத்துக்கும் சரி. எழுதுகிறவர்களுக்கான வசதியென்று பார்த்தால் நல்ல வெளிச்சமுள்ள மேசை ஒன்று, தொலைபேசி இணைப்பு ஒழுங்காக எடுக்கும் ஒரேயொரு வேப்பங்கிளைக்குக் கீழான இடம், கேள்வி கேட்காத வீட்டுக்காரர், வேறொன்றும் இல்லை. குளப்பெயர்க் கட்டுரையில் அந்த ஐந்து நாளில் நான் எழுதியது ஏழு பக்கம், அதில் மூன்றை வவுனியாவுக்கு வந்ததும் கிழித்துப் போட்டேன். ஆனால் வகை பிரிப்பதை விட்டுவிட்டு, எந்தக் குளத்தை எந்தக் கிழவர் வாயால் கேட்டேனோ அந்த ஒழுங்கில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இப்போது அது நகர்கிறது.

இந்த வைகாசியில் இரண்டாந்தரம் போனேன். போகக்கூடாத நேரம் அது. வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளைப் பொங்கல்; சிலாவத்தைக் கரையிலிருந்து எடுத்துவரும் கடல்நீரில் திரியிட்டு ஏற்றும் விளக்கு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் எரிந்து, பிறகு அம்மன் கோயிலுக்குப் போகும். அந்தக் கிழமை முழுவதும் ஊரில் ஒரு திண்ணை வெறுமையாகக் கிடக்காது. என் அறையில் வவுனியா, மன்னார்ப் பக்கத்து அடியார்கள் எட்டுப் பேர் படுத்திருந்தார்கள். எழுதுமேசையில் அவர்களுடைய கற்பூரப் பெட்டியும் நேர்த்திக்கடன் பொருட்களும். எழுத்தாளருக்கு விறாந்தையில் பாய்.

பொங்கலுக்கு மறுநாள் சனம் வடிந்தபிறகு, ஆச்சி லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்துப் பக்கம் புரட்டி, விரல் வைத்துக் காட்டினார்.

"வவுனியா ரீச்சர். பிட்டுக்குத் தயிர் கூட, மீன் குறைய. இரவு லைற் நிப்பாட்ட மறக்கும். கிணத்தடியிலை நிண்டு குளங்களின்ரை பேரைச் சொல்லித் தனியக் கதைக்கும். வெடிச் சத்தத்துக்குப் பயம். யானை எண்டு சொல்லிக் குடுத்தது."

வாசித்து முடித்ததும் பேனையை என்னிடம் நீட்டினார். திருத்தவா என்று நினைத்தேன். இல்லை, போன கிழமை வந்துபோன எட்டுப் பேரின் சாப்பாட்டை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டுமாம், அவருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது, சத்திரசிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"எழுது பிள்ளை. மன்னார் ஆக்கள் மூண்டு. விரதம். சக்கரைத்தண்ணி."